பந்து எவ்வளவு தூரம் போகும்: கோணம் அப்புறம், முதலில் வேகம்

பெங்களூரில் ஃபர்ஸ்ட் பியூசி (பதினோராம் வகுப்பு) படிக்கிற எந்தப் பிள்ளையை நிறுத்தி, ஒரு பந்து அதிக தூரம் போய் விழ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாலும் 45 டிகிரி என்று பட்டென்று பதில் வரும். தப்பான பதில் இல்லை. ஆனால் பள்ளி விளையாட்டு விழாவில் கிரிக்கெட் பந்து எறியும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைக்கு அந்த பதிலால் கிடைக்கக்கூடியது சுமார் ஒரு மீட்டர்தான். மீதி மீட்டர்கள் எல்லாம் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு டேப், ஒரு போன், கொஞ்சம் காலி இடம் போதும். இந்த ஊரில் காலி இடம்தான் கஷ்டம், அதற்கும் ஒரு வழி கீழே இருக்கிறது.

சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம், ஒன்றுதான். எறிந்த மட்டத்திலேயே பொருள் விழுகிறது, காற்றுத்தடை இல்லை என்று வைத்துக்கொண்டால்:

வீச்சு = (வேகம் × வேகம் × இருமடங்கு கோணத்தின் சைன்) ÷ 9.8

வீச்சு என்பது பொருள் போய் விழும் தூரம். வேகத்தை மீட்டர்/வினாடியில் போட்டால் வீச்சு மீட்டரில் வரும். இதில் கவனிக்க வேண்டியது, வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது என்பதுதான். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 45 டிகிரியில் எறிந்தால் 40.8 மீட்டர். கோணத்தில் 5 டிகிரி பிசகி 40 ஆகிவிட்டால் 40.2 மீட்டர், அதாவது அறுபது சென்டிமீட்டர்தான் நஷ்டம். இன்னும் பிசகி 35 ஆனால்கூட 38.4. இப்போது கோணத்தைச் சரியாக 45இல் வைத்துவிட்டு வேகத்தில் மட்டும் 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள், நான்கு மீட்டர் காலி. 10 சதவீதம் கூட்டினால் 49 மீட்டரைத் தாண்டிவிடும். கோணம் மன்னிக்கும், வேகம் மன்னிக்காது. 45ஐச் சுற்றி அந்த சைன் வளைவு மொட்டை மாடித் தரை மாதிரி தட்டையாக இருக்கிறது, அதனால்தான் கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலும் வீச்சு அசைவதில்லை.

சரி, உங்கள் பிள்ளை இப்போது என்ன வேகத்தில், என்ன கோணத்தில் எறிகிறது? இதற்கு ரேடார் துப்பாக்கி எல்லாம் வேண்டாம். எறியும் கோட்டுக்குப் பக்கவாட்டில், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒருவர் போனுடன் நின்று, பந்து கையை விட்டதிலிருந்து தரையில் படும் வரை முழுவதும் படத்தில் வரும்படி வீடியோ எடுக்கட்டும். பந்து சட்டகத்தை விட்டு வெளியே போய்விட்டாலும் பரவாயில்லை, 'டப்' என்று விழும் சத்தத்தை வைத்து நேரம் எடுக்கலாம், முப்பது மீட்டரில் சத்தம் வந்து சேரும் தாமதம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விழுந்த இடத்தில் உடனே ஒருவர் ஓடிப்போய்ச் செருப்பை வைத்துவிட வேண்டும், பந்து உருண்டு போய் நின்ற இடத்தை அளந்தால் கணக்கு பாழ். டேப்பால் தூரம், வீடியோவால் நேரம், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். தூரம் 30 மீட்டர், நேரம் 2.2 வினாடி, பந்து கையை விட்ட உயரம் 1.8 மீட்டர். கிடைத்திசை வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது, 13.6 வருகிறது. மேல்நோக்கிய வேகத்துக்கு 4.9ஐ நேரத்தால் பெருக்கி (10.8), அதிலிருந்து எறிந்த உயரத்தை நேரத்தால் வகுத்ததைக் (0.8) கழித்தால் சுமார் 10. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த வேகம் கிட்டத்தட்ட 16.9, அதாவது மணிக்கு 61 கி.மீ. மேல்நோக்கிய வேகத்தைக் கிடைத்திசை வேகத்தால் வகுத்து டேன் அட்டவணையில் பார்த்தால் கோணம் 36 டிகிரி. காற்று கொஞ்சம் பிடித்து இழுப்பதால் இந்தக் கணக்கு நிஜ வேகத்தை விட ஒரு துளி குறைவாகக் காட்டும், நம் வேலைக்கு அது போதும்.

இப்போது தான் சுவாரசியம். இந்தப் பிள்ளைக்கு வேகத்தை மாற்றாமல் கோணத்தை மட்டும் மிகச் சிறந்ததாக்கினால், 30 மீட்டர் 31 ஆகும். கோணத்தை 36லேயே விட்டுவிட்டு வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் 36 மீட்டர் ஆகும். ஒரு மாதப் பயிற்சியை எதில் செலவழிக்க வேண்டும் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து என்று நினைத்துத்தான் பலர் கையை மட்டும் சுழற்றிச் சுழற்றித் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பந்தின் மீது உங்கள் விசை எவ்வளவு நீளத்துக்கு வேலை செய்கிறதோ அதைப் பொறுத்துதான் அது கிளம்பும் வேகம் இருக்கும், அதனால் பந்து உடம்புக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. போட்டி விதி அனுமதித்தால் இரண்டு மூன்று எட்டு ஓடி வந்து, பக்கவாட்டில் திரும்பி, முன்கால் தரையில் ஊன்றியதும் அந்தக் காலை மடங்கவிடாமல் விறைப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். ஓடி வந்த உடம்பு அங்கே சட்டென்று தடைபடுகிறது, அந்த வேகம் இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்ப, பின்னால் தோள் திரும்ப, கடைசியில் முழங்கையும் மணிக்கட்டும் வருகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால் வேலைக்காகாது, ஒன்றன் பின் ஒன்றாக வர வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஈட்டி எறிதல் வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 2025 ஜூலை 5 அன்று நம் கண்டீரவா மைதானத்திலேயே நீரஜ் சோப்ரா பெயரில் நடந்த போட்டியில் அவர் 86.18 மீட்டர் எறிந்து ஜெயித்தார். அந்த முன்கால் ஊன்றுவதைப் பாருங்கள், அதற்கப்புறம் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். உலகத் தரத்தில் எறிபவர்கள் ஈட்டியை மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் வேகத்தில், 35 டிகிரிக்கு அருகில்தான் விடுகிறார்கள். 45இல் இல்லை.

ஏன் 45இல் இல்லை? மூன்று காரணங்கள், மூன்றுமே பந்துக்கும் பொருந்தும்.

எறிவது தரையிலிருந்து இல்லை, தலைக்கு மேலிருந்து. விழும் இடம் தாழ்வாக இருந்தால் சிறந்த கோணம் 45ஐ விடக் குறையும். வேகம் அதிகமாக இருந்தால் இது சின்ன விஷயம், வினாடிக்கு 20 மீட்டரில் 2 மீட்டர் உயரத்திலிருந்து எறிந்தால் சிறந்த கோணம் 43.7, அவ்வளவுதான். மெதுவான பொருளுக்குத்தான் இது பெரிய வித்தியாசம்: வினாடிக்கு 6 மீட்டர் வேகம், அதே 2 மீட்டர் உயரம் என்றால் 35 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம், பாடப்புத்தகம் இதைப் பேசுவதே இல்லை. மனித உடம்பு எல்லாக் கோணத்திலும் ஒரே வேகத்தைத் தராது. மேல்நோக்கி எறிய எறிய வேகம் குறையும், ஏனென்றால் தோளும் மார்பும் முன்பக்கமாகத் தள்ளவே வசதியாக அமைந்திருக்கின்றன, போதாததற்குப் பொருளின் எடையையும் தூக்க வேண்டும். குண்டு எறிபவர்கள் 45க்குக் கீழே, 35 முதல் 40 வரை நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நீளம் தாண்டுதலைப் பாருங்கள், இன்னும் பச்சையாகத் தெரியும். 1991இல் டோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டியது இன்றைக்கும் உலக சாதனை. இந்த மாதிரித் தாண்டுபவர்கள் கிளம்பும் கோணம் சுமார் 20 டிகிரிதான். வினாடிக்குப் பத்து மீட்டரில் ஓடி வருபவர் 45 டிகிரியில் கிளம்ப வேண்டுமென்றால் மேல்நோக்கியும் அதே பத்து மீட்டர் வேகம் வேண்டும், அப்படிக் கிளம்பினால் உடம்பு ஐந்து மீட்டர் உயரத்துக்குப் போகும். ஐந்து மீட்டர் என்பது ஒன்றரை மாடி. நடக்கிற காரியமா? அதனால் ஓட்டத்தின் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கோணத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.

மூன்றாவது காற்று, அது பிடித்து இழுப்பதாலும் பந்துக்குச் சிறந்த கோணம் 45க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் பந்தும் டென்னிஸ் பந்தும் கையில் பிடித்தால் ஏறக்குறைய ஒரே அளவு. எடை மட்டும் 156 முதல் 163 கிராம் ஒன்று, 56 முதல் 59 கிராம் இன்னொன்று. காற்று அளவைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஆகவே இரண்டையும் ஒரே வேகத்தில் எறிந்தால் தடுக்கும் விசை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் டென்னிஸ் பந்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாகத் தளர்ந்துபோகும். நம் 61 கி.மீ. பிள்ளை எறியும் கிரிக்கெட் பந்தின் மீது கிளம்பும் நொடியில் காற்றுத்தடை அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, டென்னிஸ் பந்துக்கு அதுவே பாதிக்கு மேல். தெருவில் டென்னிஸ் பந்திலேயே பழகிய பிள்ளைகள் போட்டியில் கிரிக்கெட் பந்தைக் கையில் வாங்கியதும் தன் தூரம் தனக்கே தெரியாமல் முழிப்பது இதனால்தான். போட்டியில் என்ன பந்தோ அதில்தான் பழக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமானால் பேட்மின்டன் ஷட்டில்காக்கைப் பாருங்கள். 2023இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்த வேகத்தை மேலே சொன்ன சூத்திரத்தில் 45 டிகிரியோடு போட்டால் இரண்டரை கிலோமீட்டர் வருகிறது, அல்சூர் ஏரிக்கரையிலிருந்து அடித்தால் கப்பன் பார்க் பக்கம் போய் விழ வேண்டும். ஆனால் 13.4 மீட்டர் கோர்ட்டுக்குள் அந்த ஆட்டம் அழகாக அடங்குகிறது. ஐந்து கிராம் எடை, அதற்கு அவ்வளவு பெரிய இறகுப் பாவாடை, கிளம்பிய கணத்திலேயே காற்று அதைப் பிடித்துவிடுகிறது.

நம் ஊருக்கு இதில் ஒரு சின்ன சலுகை உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி சென்னையை விடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. பெரிய சிக்ஸருக்கு இது இரண்டு மூன்று மீட்டர் தரலாம், பள்ளிப் பிள்ளையின் எறிக்கு அரை மீட்டர்கூட வராது. சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தில் 2013 ஏப்ரலில் கிறிஸ் கெயில் 17 சிக்ஸரோடு 175 அடித்ததற்கு மெல்லிய காற்றைக் காரணம் காட்டினால் அவரே சிரிப்பார், அங்கே எல்லைக்கோடும் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வீசுகிற காற்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்க்காற்றில் கொஞ்சம் தாழ்வாகவும் பின்காற்றில் கொஞ்சம் தூக்கியும் எறிய வேண்டும். பயிற்சியின்போது எந்தப் பக்கம் காற்று என்று எழுதாமல் தூரத்தை மட்டும் எழுதி வைத்தால், ஒரு நாள் கூடியதும் மறுநாள் குறைந்ததும் ஏன் என்று தெரியாமல் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சுழற்சியும் உண்டு. பந்து கையை விடும்போது விரல்கள் பின்னால் இழுத்து, பந்தின் மேற்புறம் எறிபவரை நோக்கி வரும்படி சுழன்றால் காற்று அதைச் சற்றுத் தாங்கிப் பிடிக்கும். கோல்ஃபில் இது உச்சம், தொழில்முறை ஆட்டக்காரர்கள் முதல் அடியில் பந்தை 11 டிகிரி அளவில்தான் கிளப்புகிறார்கள், பின்சுழற்சியும் பந்தின் மேலுள்ள குழிகளும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. பள்ளி மைதானத்தில் இதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம், இரண்டு விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைத்து நேராக எறிந்தால் அதுவாகவே வரும்.

மைதானம் கிடைக்காதவர்களுக்கு இனி மொட்டை மாடி. கோணத்தின் கதையைச் சுத்தமாகப் பார்க்கத் தண்ணீர்க் குழாய் மாதிரி எதுவும் கிடையாது, ஏனென்றால் கை மாதிரி அது கோணத்துக்குக் கோணம் வேகத்தை மாற்றாது, தொட்டியின் நீர்மட்டம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. குடிநீரை வீணாக்காதீர்கள், 2024 மார்ச் தட்டுப்பாட்டில் செடிக்கும் கார் கழுவவும் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இங்கே குடிநீர் வாரியம் அறிவித்தது பலருக்கு மறந்திருக்காது. ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பான்) கழிவுநீரை ஒரு டிரம்மில் சேர்த்து, தொட்டி மேடையில் ஏற்றி, அடியில் ஒரு குழாய் மாட்டிக்கொள்ளுங்கள். முனையைத் தரையோடு ஒட்டி வையுங்கள். கோணமானியின் நடுத்துளையில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு அதைக் குழாயோடு சேர்த்துப் பிடித்தால் கோணம் தெரியும். 15, 30, 45, 60, 75 என்று மாற்றிக்கொண்டே போய் தண்ணீர் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். 30க்கும் 60க்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் குறி விழும், 15க்கும் 75க்கும் அப்படியே, பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள், இரண்டாவது தடவை செய்து பார்ப்பார்கள். டிரம்மில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும், ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் பழைய கோடு வரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நீர்மட்டம் முனைக்கு மேலே எத்தனை மீட்டரோ, 45 டிகிரியில் தண்ணீர் போகும் அதிகபட்ச தூரம் அதைப்போல் இரண்டு மடங்கு. 2 மீட்டர் மேலே இருந்தால் 4 மீட்டர். குழாயின் உள்ளே உரசுவதால் நிஜத்தில் குறையும், நீளமான மெல்லிய குழாயில் நிறையவே குறையும். கட்டைவிரலால் முனையைப் பாதி மூடினால் தண்ணீர் தூரமாகப் பீச்சுவதும் இதனால்தான்: ஓடும் அளவு குறைகிறது, வழியில் உரசலில் போகிற இழப்பு குறைகிறது, மிச்சமான அழுத்தம் முனையில் வேகமாக மாறுகிறது.

அப்புறம் முனையைத் தூக்கி ஒரு மேஜை உயரத்துக்கு, 75 செ.மீ.க்கு, கொண்டுவாருங்கள். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் தரையிலிருந்து 45 டிகிரியில் 2.55 மீட்டர் போகும், மேஜையிலிருந்து 3.2 மீட்டர் போகும், ஆனால் அந்த 3.2 கிடைப்பது 38 டிகிரியில். 45 டிகிரி தோற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழ்த் தெருவுக்குச் செய்து பார்க்கலாமா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், வேண்டாம், கீழ் வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட துணிக்கு யார் பதில் சொல்வது.

ஈர்ப்பைப் பற்றி ஒரு வரி. பெங்களூரில் அதன் மதிப்பு 9.78க்கு அருகில், துருவத்தில் 9.83, வித்தியாசம் அரை சதவீதம், மறந்துவிடலாம். ஈர்ப்பு ஆறில் ஒன்றாகிவிட்டாலும் வேகம் இல்லையென்றால் பிரயோஜனமில்லை. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14இல் போன ஆலன் ஷெப்பர்ட் நிலவில் கோல்ஃப் பந்தை அடித்துவிட்டு மைல் மைலாகப் போகிறது என்று சொன்னார். பிற்பாடு அந்தப் படங்களைத் துல்லியமாக ஆராய்ந்து பார்த்தபோது தூரமாகப் போனதே சுமார் 40 கஜம், அதாவது 37 மீட்டர்தான் என்று கணக்கிட்டார்கள். காற்றே இல்லாத இடம், ஈர்ப்பும் குறைவு, ஆனால் விறைத்த விண்வெளி உடையில் ஒற்றைக் கையால் அடித்தால் பந்துக்கு வேகம் எங்கிருந்து வரும்?

பயிற்சி என்று வரும்போது ஒரு எச்சரிக்கை. வளரும் பிள்ளைகளின் முழங்கையும் தோளும் பலவீனமானவை, முழு வேகத்தில் தினமும் எறிய வைக்காதீர்கள், நடுவில் ஓய்வு நாள் வேண்டும், வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பாதி வேகத்தில் கால், இடுப்பு, தோள் வரிசையைப் பழகினாலே தூரம் ஏறும். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் அந்த வீடியோ அளவை எடுத்து வேகம் ஏறுகிறதா என்று பாருங்கள், தூரத்தை மட்டும் பார்த்தால் காற்று உங்களை ஏமாற்றிவிடும்.

இதையே பியூசி புராஜெக்டாக வைக்க நினைப்பவர்கள் தண்ணீர்க் குழாயைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். டிரம்மின் உயரத்தை மாற்றி மாற்றி, கோணத்தை 45இலேயே வைத்து, உயரத்துக்கு எதிராக வீச்சை வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு வரும், அந்தக் கோடு இருமடங்கை விட எவ்வளவு கீழே படுத்திருக்கிறது என்பதுதான் குழாயின் உரசல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எழுத்துத் தேர்வில் கேட்டால் 45 டிகிரி என்றே எழுதுங்கள், காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும் என்று கேள்வியிலேயே போட்டிருப்பார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வேறு மாதிரி கேட்பார்கள், அதனால் முனையின் உயரம், குழாயின் நீளம், நீர்மட்டம், அன்றைய காற்று எல்லாவற்றையும் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.